பாயை ஏற்றுவது யார்?

படகுக்குப் புதுப் பாய் வரும் நாளன்று காலையிலிருந்தே சொலெனுக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை. சந்தோஷப்பட வேண்டிய நாள்தான். 'அவேல்' வயசான படகு. அதன் பெரிய பாய் நைந்து, பின்னோரம் தொய்ந்து நீண்டு, பாயின் அடியில் கிடக்கும் குறுக்குக்கட்டை வருஷா வருஷம் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. சுக்கான் பிடிப்பவள் சொலென். கட்டை பக்கம் மாறும்போதெல்லாம் குனிந்து குனிந்து, இப்போது வீட்டில் கூடத்து விளக்கைத் தாண்டும்போதுகூடத் தலை தானாகக் குனிகிறது.

ஆனால் பாயை மாற்றச் சொல்லி அவள் பிடிவாதம் பிடித்தது தலைக்காக இல்லை. போன செப்டம்பரில் உஷான் தீவுக்கு வெளியே காற்று திடீரென்று பேயாட்டம் ஆடியது. பாயைக் கீழே இழுத்துப் பாதி இறக்கிச் சுருக்கிக் கட்ட வேண்டும். அவள் கணவன் குல்வென் பாய்மரத்தடியில் கயிற்றோடு மல்லுக்கட்டினான். பாய் அசையவே இல்லை. பாறைகள் கண்ணுக்கெதிரே பெரிதாகிக்கொண்டு வர, அவள் சுக்கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எப்படியோ தப்பினார்கள். "பாய் சிக்கிக்கிச்சு. எல்லாம் இந்தக் கந்தலால வந்த வினை," என்றான் குல்வென், கரைக்கு வந்ததும். அப்படியானால் புதுப் பாய், இல்லாவிட்டால் ஜூனில் ஸ்பெயினும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். ஸ்பெயின் கரையிலுள்ள கலீசியாவுக்குப் போக வேண்டும் என்பது இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஆசை. வழியெல்லாம் பிஸ்கே கடல்; கூப்பிட்டால் ஓடிவர ஒருவர் இருக்க மாட்டார்.

த்ரெகியே ஊரில் படகுப் பாய் தைக்கும் துக்துவால் குல்வெனின் பள்ளித் தோழன். யார் பாய் கேட்டு வந்தாலும் அவன் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஏத்துறது யாரு?" ஏற்றுகிற கையைப் பொறுத்துத்தான் துணியின் கனம், பாயின் அகலம் எல்லாம்.

"இது என்னடா கேள்வி? நான்தான்," என்றான் குல்வென். "இவ ஏத்துனா, பாய் மேல போய்ச் சேர்றதுக்குள்ள ஸ்பெயினே நம்மளத் தேடி வந்துடும்."

சொலெனும் கூடச் சிரித்து வைத்தாள். சுருக்கென்றுதான் இருந்தது. ஒரே ஒரு தடவை நான் ஏற்றுகிறேனே என்று எத்தனையோ கோடையில் கேட்டுப் பார்த்துவிட்டாள். "நீ சுக்கானைப் பாரு" என்பதற்கு மேல் பதில் வந்ததில்லை.

நாளைக்கே படகுக்கு வந்து அளக்கிறேன் என்றான் துக்துவால்.

"என் படகை அளக்க நீ எதுக்கு? டேப்பைக் குடு."

"எடுத்துக்கோ. ஆனா மரத்துலேர்ந்து அள. கட்டையைத் தூக்கி நிறுத்தி, உச்சிக்கும் கட்டை நுனிக்கும் நடுவுல அள. பழைய பாயை விரிச்சு அளந்துட்டு வந்து நிக்காதே."

"போடா, அது கடலே தெரியாத பாரிஸ்காரன் பண்ற வேலை."

குளிர்காலத்தில் 'அவேல்' நடு ஆற்றில் சங்கிலியில் கிடக்கும். பாய்கள் வீட்டு ஷெட்டில் கிடக்கும். குல்வென் சின்னத் தோணியில் துடுப்புப் போட்டுப் போனான். திரும்பி வந்தபோது மார்பு வரைக்கும் நனைந்திருந்தான். "கால் வழுக்கிடுச்சு," என்றான். அவள் திட்டிக்கொண்டே சூப்பைச் சுடவைத்தாள். குடித்துவிட்டு ஷெட்டுக்குள் போய் வெகுநேரம் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் அளவுகள் துக்துவாலுக்குப் போயின.

இன்று படகு துறையோடு ஒட்டி நின்றது. வாசல்படி தாண்டுகிற மாதிரி ஏறிக்கொள்ளலாம். துக்துவால் பாயைத் தோளில் சுமந்து வந்து கோர்த்துக் கட்டினான். ஏற்றும் நேரம் வந்ததும் குல்வென் நகர்ந்து நின்றுகொண்டான்.

"தைச்சவன்தான் முதல்ல ஏத்தணும்."

"இது எப்போலேர்ந்து?" என்று சிரித்துக்கொண்டே துக்துவால் கயிற்றை இழுத்தான். அப்படி ஒரு வழக்கத்தைச் சொலென் கேள்விப்பட்டதே இல்லை.

பாய் சலசலவென்று மேலே போனது. அடேயப்பா, என்ன வெள்ளை! பக்கத்துப் படகுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சொலென் தன் இடத்தில் போய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். லேசாக ஒரு காற்று வந்தது. கட்டை பக்கம் மாறி, அவள் தொப்பியைத் தட்டி ஆற்றில் தள்ளியது.

"இடிக்குதே," என்றாள். "பழசு மாதிரியே இடிக்குதே!"

"இன்னும் ஏத்துடா," என்றான் குல்வென்.

"எங்க ஏத்துறது? உச்சிக்குப் போயாச்சு, இதுக்கு மேல மரம் இல்ல." துக்துவால் பின்னோரத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு தணிந்த குரலில் கேட்டான். "குல்வென், இது மரத்துலேர்ந்து எடுத்த அளவுதானா? எனக்குத் தொய்ஞ்ச பாயோட அளவு மாதிரில்ல இருக்கு."

குல்வென் முகம் ரத்தமாய்ச் சிவந்துவிட்டது. "தைக்கத் தெரியாம தைச்சுட்டு என்னைக் கேக்கறியா? நீ தைக்கறது பாயில்லடா, முயலுக்குப் போர்வை!"

அவ்வளவுதான். அந்தப் பிராணியின் பெயரைத் தளத்தில் நின்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் படகுக்கு ஆகாது. தெரியாமல் சொல்லிவிட்டான் என்று அவள் சொந்தத் தம்பியையே ஒரு தீவில் இறக்கிவிட்டு வந்தவன் இந்தக் குல்வென். இப்போது தன் வாயிலிருந்து வந்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை. பாய்மரத்தைப் பிடிக்க இடது கைதான் போனது. வலது கை பக்கத்தில் தொங்கியது. சொலென் அந்தக் கையையே பார்த்தாள். மார்பு வரை நனைந்த சட்டையும், ஷெட்டில் கேட்ட சத்தமும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"அன்னைக்கு நீ படகுல ஏறவே இல்ல, இல்ல?"

அவன் குனிந்து, தளத்தில் கிடந்த கயிற்று நுனியை இடது கையால் சுருட்ட ஆரம்பித்தான்.

"கேக்கறேன்ல?"

"மூணு தடவை ஏறப் பார்த்தேன். தோணியிலேர்ந்து உடம்பைத் தூக்க முடியல. தோள்ல பலமே இல்ல சொலென். கடைசியில தண்ணியில விழுந்துட்டேன். வீட்டுக்கு வந்து பழசை அளந்தேன்."

"அப்போ செப்டம்பர்ல?"

துக்துவால் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாய் சிக்கல," என்றான் குல்வென். "கைதான்."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே பிடித்துத் தள்ளியிருப்பாள். "பாவி! ஒரு குரல் குடுத்திருந்தா நான் வந்து இழுத்திருப்பேன். சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே, பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? என் உயிரும் அந்தப் படகுலதானே இருந்துச்சு!"

"இழுத்துடலாம்னுதான் நெனச்சேன். கடைசி வரைக்கும் இழுத்துடலாம்னுதான்..."

துக்துவால் கயிற்றை மெல்லத் தளர்த்திப் பாயை இறக்கினான். மடிப்பு மடிப்பாக அது மூவர் காலடியிலும் வந்து விழுந்தது.

"தப்பு என்னோடதும்தான். நானே வந்து அளந்திருக்கணும்," என்றான். "பின்னோரத்தை வெட்டிக் குறைச்சுடலாம், அது ஒண்ணும் பெரிசில்ல. வெட்டறதே வெட்டறேன், கைக்குத் தக்கபடி வெட்டிடறேன்." தயங்கினான். பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அதனால மறுபடியும் கேட்டுக்கறேன். ஏத்துறது யாரு?"

சொலென் வாயைத் திறப்பதற்குள் குல்வென் சொன்னான்.

"அவ."

எத்தனையோ கோடையாக அவன் வாயால் கேட்க ஏங்கிய வார்த்தை. இப்போது கேட்டதும், வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. துக்துவாலின் பையிலிருந்து டேப்பை எடுத்துப் பாய்க்கயிற்றில் முடிந்து உச்சிக்கு ஏற்றினாள். டேப்பின் அடிநுனியைக் குல்வெனின் இடது கையில் கொடுத்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த கட்டையைத் தன் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கினாள்.

"அளவைப் படி," என்றாள்.