சொட்டாத கூடை

எனக்குச் செடி வளர்க்கத் தெரியாது. தைக்கத் தெரியும். வினை ஆரம்பித்ததே அங்கேதான்.

மாடி வீட்டின் முன்பக்கம் ஒரு தொங்கு கூடை வைக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்ததோ, பிடித்துக்கொண்டது. நாற்றுக்கடையில் கம்பிக்கூடை, அதற்குள் வைக்கும் தேங்காய்நார் மெத்தை, மண்கலவை, நான்கு பெட்டூனியா நாற்று எல்லாம் வாங்கி வந்தேன். நடும்போதே ஒன்றின் கழுத்தை ஒடித்துவிட்டேன். இன்னொன்றை, சாய்ந்துவிடப் போகிறதே என்று மண்ணை அழுத்தோ அழுத்தென்று அழுத்தி மூச்சு முட்டவைத்துச் சாகடித்தேன். மிச்சம் இரண்டும் என்னையும் மீறிப் பிழைத்துப் பூத்தன. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ஆனால் துளை போடும் மெஷினைக் கையில் எடுத்தால் இன்ஜினியர் ஆகிவிடுவார். பால்கனிக்கு வெளியே சுவரில் கூடையை மாட்ட ஓர் இரும்புக் கையை வைத்து, இரண்டு திருகாணி முடுக்கினார்.

"ரெண்டு பூவுக்கு இது போதும்டி," என்றார்.

தண்ணீர் ஊற்றினால் நார் வழியாகக் கீழே சொட்டியது. நேர் கீழே கீழ்வீட்டுக்காரியின் வாசல். அவளுக்குக் கைக்குழந்தை.

"அக்கா, புள்ளைய கொஞ்சம் காத்தாட வெளிய விட முடியல. உங்க சேத்துத் தண்ணி சொட்டுது," என்று ஒருநாள் படியில் நின்று சொன்னாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கோபம் மூக்குமேல் உட்கார்ந்திருக்குமே. "வாசலை நீ என்ன விலைக்கா வாங்கியிருக்கே?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அதோடு பேச்சுவார்த்தை நின்றது. என் போனில் இருந்த அவள் நம்பரைக்கூட அழித்துவிட்டேன். அப்படி ஒரு வீம்பு எனக்கு.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. என் தையல்கடையில் மழைக்கோட்டுத் துணி மிச்சம் கிடந்தது, நல்ல நீலம். கூடையின் வடிவத்துக்கு வெட்டி, இரட்டைத் தையல் போட்டு, தையலின் மேல் பசைநாடா ஒட்டி, கம்பிக்கும் நாருக்கும் நடுவில் பையாகச் செருகினேன். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு பொட்டு கீழே விழ வேண்டுமே! என் தையலை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாளே குழந்தையின் தள்ளுவண்டி வாசலுக்கு வந்துவிட்டது. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்கிறாளா பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. இரவெல்லாம் கொட்டி, விடிந்தும் விடவில்லை. கடையில் வழக்கமாக ஒழுகும் இடத்தில் முந்தின சாயங்காலமே வாளியை வைத்திருந்தேன். காலையில் போனதும் ஒரு வாத்தியாரின் பேண்ட்டுக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து காத்திருந்தார். ஒரு கால் முடிவதற்குள் மழை விட்டுப் பளீரென்று வெயில் அடித்தது. வாளியைக் கொட்டிவிட்டு வரலாம் என்று எழுந்தேன். விளிம்புவரை தண்ணீர். ஒரு கையால் தூக்கப் பார்த்தேன், அசையவில்லை.

"அப்பா, என்னா கனம்!" என்றேன்.

சொன்ன வாய் மூடவில்லை. கூடை ஞாபகம் வந்துவிட்டது. பெய்த மழையெல்லாம் அந்தப் பைக்குள்தானே இறங்கியிருக்கும்? வெளியே போக ஊசித்துளை அளவு வழிகூட நான் விடவில்லையே? அதைப் பிடித்திருப்பதோ இரண்டே திருகாணி. வெயில் வந்ததும் அவள் குழந்தையை வெளியே விடுவாளே!

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். பஸ் ஓட்டும்போது எடுக்கமாட்டார் என்று தெரிந்தும் மறுபடி மறுபடி அடித்தேன். கீழ்வீட்டு நம்பரைத் தேடினேன். அழித்த நம்பர் எங்கிருந்து வரும்? என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"எம்மா, இன்னொரு கால்?" என்று வாத்தியார் பதறினார்.

"மடிச்சு விட்டுக்கோங்க சார்!"

ஓடினேன். ஓடி எத்தனை வருஷம் ஆகிறது! ஈர ரோட்டில் செருப்பு வழுக்கியது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். கடவுளே, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது, ஒன்றும் ஆகக் கூடாது என்று வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

தெருமுனை திரும்பியதும் பார்த்தேன். கூடை இருந்தது. ஆனால் இரும்புக் கை கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது, மேல் திருகாணி சுவரைவிட்டுப் பாதி வெளியே வந்திருந்தது. நீலத்துணி கம்பிக்கு வெளியே பிதுங்கி நின்றது. அடியில் தள்ளுவண்டி. அதன் போர்வைமேல் சுவர்ப்பூச்சுத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. பயல் மேலே பார்த்துக் கைகாலை உதைத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

வண்டியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள் மகராசி. அந்தப் பூட்டு எங்கே இருக்கிறதோ யார் கண்டது! பிள்ளையை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். அவன் வீலென்று அலறினான்.

"அய்யோ, எம்புள்ள! என்னக்கா பண்றீங்க?" என்று கத்திக்கொண்டு அவள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். அவள் என்னிடம் வந்து சேர்வதற்குள் பின்னால் தடாலென்று சத்தம் கேட்டது. இருவரும் திரும்பிப் பார்த்தோம். கூடை வண்டிக்குள் கிடந்தது. இரும்புக் கையும் அதோடு வந்திருந்தது. பிள்ளையின் தலையணை இருந்த இடம் முழுக்கச் சேறு.

எனக்குப் பயமெல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"அறிவிருக்கா உனக்கு? இவ்ளோ பெரிய வாசல்ல, கூடைக்கு நேர் கீழயா கொண்டுபோய் விடுவே?" என்று கத்தினேன்.

அவள் வண்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"முன்ன சொட்டுச்சு, அதான் பயந்து விடாம இருந்தேன்," என்றாள். "அப்புறம் நீலத்துணி தெரிஞ்சுது. எங்க புள்ளைக்காகத்தான் ஒக்காந்து தைச்சிருக்கீங்கன்னு நெனச்சேங்க்கா. பேசலைன்னாலும் அக்காவுக்கு நல்ல மனசுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்டகூட சொன்னேன். பூவப் பாத்தா சிரிக்கறான், அதான் அங்கயே விட்டேன்."

அவள் பிள்ளைக்காகக் கையை நீட்டினாள். அவனைக் கொடுக்கத்தான் நினைத்தேன். என் கை இரண்டும் அவனைச் சுற்றி இறுகிப்போயிருந்தன.

"நீயே பிரிச்சு எடுத்துக்கோம்மா," என்றேன். "எனக்குக் கை வர மாட்டேங்குது."