புதன்கிழமை வருகை

அப்பாவின் சட்டைப் பையைத் துழாவினாள். சீப்பு, பாதி மாத்திரை, கடைசியில் மியூசியத்துச் சாவி. தூங்கும்போது பையில் கை பட்டாலே விழித்துக்கொள்கிறவர். விடிகாலையில் போனவர் இனி விழிக்கமாட்டார்.

சாவி கேட்டு வந்த தையற்காரர் வாசலில் தயங்கி நின்றார்.

"தப்பா நினைக்காதம்மா. இன்னைக்கு புதன், அவரோட முறை. மியூசியத்தத் தொறக்கணும்."

"இன்னைக்குமா மாமா?"

"ஆளே வராத வாரம் பத்து சேர்ந்தா பூட்டிடுவோம்னு டவுன் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இதுவரைக்கும் ஒண்ணுகூட விழல. எல்லாம் உன் புண்ணியம்."

அவளுக்கு விளங்கவில்லை. அண்ணன் வந்துசேர நாலு மணியாகும். பெரியம்மாவை அப்பாவின் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பழைய தபால் நிலையத்தின் இரண்டு அறைகள்தான் அருங்காட்சியகம். ஊரின் முதல் தீயணைப்பு வாளி, மூடிப்போன சோடா கம்பெனியின் பெயர்ப்பலகை. ஒவ்வொன்றின் கீழும் அப்பா எழுதிய அட்டை. கதவருகே ஒரே ஒரு நாற்காலி.

தையற்காரர் வருகைப் பதிவேட்டைப் பிரித்தார்.

"ஆறு பேரு, ஆளுக்கொரு நாள். அடுத்தவன் முறையில யாரும் தலைகாட்டமாட்டோம். ஆனா நோட்டு பேசுதே! உள்ளூர்க்காரன் ஒருத்தன் வரமாட்டான். நீ அவ்ளோ தூரத்துலருந்து வாராவாரம் வந்துட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு ஓடிடுவியாமே. உள்ரூம்ல வெளிச்சம் பத்தலன்னு நீ எழுதி எழுதித்தான் பல்பு மாத்தினோம். சரியான வாயாடின்னு சொல்லிச் சிரிப்போம்."

இன்று காலை வந்து இறங்கும்வரை, இந்த ஊரில் அவள் கால் வைத்துப் பதினோரு வருடங்கள் ஆகியிருந்தன.

புதன்தோறும் அவள் பெயர் இருந்தது. அப்பாவின் கையெழுத்து என்று தெரிந்துவிடாதபடி எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. பக்கத்திலேயே 'கருத்து' என்ற கட்டம்.

'பெயர்ப்பலகையைத் துடைக்கவும்.'

'மழை. இருந்தும் வந்தேன்.'

போன புதனில்: 'இன்று சீக்கிரம் மூடும்படி ஆயிற்று. அப்பாவுக்கு இருமல்.'

அவள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்துவிடும்.

"வந்தது வந்துட்ட, போட்டுடும்மா," என்று தையற்காரர் பேனாவை நீட்டினார்.

தேதியைப் போட்டாள். தன் பெயரை நிதானமாக, இடப்பக்கம் சாய்த்து எழுதினாள்.

தையற்காரர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "கருத்து ஒண்ணும் இல்லியா இன்னைக்கு?"

அவள் எழுந்து உள்ளறைக்குப் போய் விளக்கைப் போட்டாள். வெளிச்சம் போதுமானதாகத்தான் இருந்தது.