விலாவில் தெரிந்த நிறம்

இறைச்சிக்கூடத்துக் குளிரறை வாசலில் அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போட்டிருந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். காவலாளி பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "அம்மா, நீங்க நடக்கிறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது," என்றான்.

"அப்போ அந்தப் பக்கம் பாரு," என்றாள்.

பின்னே என்ன? ஏழு காளைக் கன்றுகளைப் பதினான்கு மாதம் தீனி போட்டுத் தேற்றியிருக்கிறாள். நேற்று வெட்டியாகிவிட்டது. உள்ளே தரம் பார்ப்பவர் விலா எலும்புகளுக்கு நடுவே கத்தி போட்டுவிட்டு நிறத்துக்காகக் காத்திருக்கிறார். காற்றுப் பட்ட கறி அரை மணி நேரத்தில் செக்கச்செவேலென்று ஆக வேண்டும். ஆகிவிட்டால் முதல் தரம். ஆகாவிட்டால் விலையும் போச்சு, கொட்டகையும் போச்சு. பஸ் ஓட்டும் கணவன் கறாராகச் சொல்லிவிட்டான்: "இந்தத் தடவையும் கையைக் கடிச்சா, கொட்டகையை ஒர்க்‌ஷாப்புக்கு வாடகைக்கு விட்டுடலாம்." அதற்குள் இவள் அடுத்த கன்றுகளுக்காக வியாபாரியையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். அவ்வளவு நம்பிக்கை!

தரம் பார்ப்பவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"தீவனத்துல குறையே சொல்ல முடியாதும்மா. கொழுப்பும் அளவா ஏறியிருக்கு. நிறம்தான்... ஏழுமே கருத்துக் கிடக்கு. மூணாந்தரம்தான் போட முடியும்."

"ஐயையோ, ஏழுமா?"

"வெட்டுறதுக்கு முந்தின ராத்திரி சண்டை கிண்டை போட்டுச்சா? முட்டி மோதி உடம்புல இருக்கிற தெம்பையெல்லாம் எரிச்சுட்டா இப்படித்தான் ஆகும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழில் ஒன்று தாயில்லாதது. அதைப் புட்டிப்பால் கொடுத்துத் தனி அடைப்பில்தான் வளர்த்தாள். கடைசி ராத்திரி மனசு கேட்கவில்லை. பாவம், இன்றைக்காவது துணையோடு இருக்கட்டும் என்று அதை மற்ற ஆறோடும் கொண்டுபோய் விட்டாள். விடிய விடிய தடதடவென்று சத்தம். கும்மாளம் போடுகின்றன என்று படுத்தபடியே சிரித்தாள், பைத்தியக்காரி.

போன் அடித்தது. கணவன்தான்.

"என்ன ஆச்சு? வாயைத் திறந்து சொல்லேன்."

தீவனக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நான்தாங்க கெடுத்தேன்," என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் கொட்டினாள். அழுகையும் கூடவே வந்தது.



"அப்போ தீவனம் சரிதானா?"

"அதுல குறையே இல்லைன்னார்."

"கன்னுக்காரர் வந்து நிக்கிறார். ஆறு கொண்டு வந்திருக்கார், நமக்கு மூணுதான் கட்டுப்படியாகும். எதைப் பிடிக்கட்டும்?"

ஒர்க்‌ஷாப் பேச்சையே காணோம். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணா வளர்ந்ததா கேட்டுப் பிடிங்க. தனியா நிக்கிறது எதுவும் வேண்டாம், சொல்லிட்டேன்."

"ஒண்ணு ஓரமா தனியாத்தான் நிக்குது. அம்மா இல்லையாம். என்னையே பார்க்குது."

அவள் போனைக் காதில் வைத்தபடியே, மறுபடியும் நாற்காலியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.