மூன்று பேர் படுக்கும் கூடாரம்

என் ஓர்ப்படிக்கு நான் வைத்த பெயர் சர்க்கரை. வாயைத் திறந்தால் "அக்கா, அக்கா" என்று தேன் ஒழுகும். என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும் அண்ணன் தம்பி. எங்கள் வீடு மாடியில், அவர்கள் வீடு கீழே. என் ஒரே மகள், நாங்கள் எல்லோரும் வாலு என்று கூப்பிடும் ஆறு வயசுக் கழுதை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாடிப்படி ஏறுவதே கிடையாது. நேரே சித்தி வீட்டுக்குள் புகுந்துவிடுவாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பை தைக்கும் கம்பெனியில் எனக்குச் சாயங்கால ஷிப்ட். தைத்து வரும் பைகளைப் புரட்டிப் பார்த்து, ஜிப்பை இழுத்துப் பார்த்து, தையல் விட்டிருந்தால் தூக்கி ஓரமாகப் போடுவதுதான் வேலை. நான் வீடு திரும்பும்போது வாலு கீழ்வீட்டில் சாப்பிட்டு, கீழ்வீட்டிலேயே தூங்கியிருப்பாள். அவள் அப்பா தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கட்டிலில் கிடத்துவார். லீவு நாளிலாவது என்னோடு படுப்பாளா என்றால், அதுவும் இல்லை. "நான் சித்திகிட்ட தூங்கறேன்" என்று தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். பெற்றவள் நான். எனக்கு வயிறு எரியாதா?

சர்க்கரைக்குக் குழந்தை இல்லை. அதைச் சொல்லிக்காட்டும் அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. மனசுக்குள் நினைத்துக்கொள்ளும் அளவுக்குக் கெட்டவள்தான்.

இப்படி இருக்கும்போதுதான், ஏரிக்கரையில் டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்று அண்ணனும் தம்பியும் திட்டம் போட்டார்கள். ஆளுக்கொரு கூடாரம் வாங்கிக்கொள்வது என்று பேச்சு. அந்த வாரமே வாலு மூச்சு வாங்க மேலே ஓடி வந்தாள்.

"அம்மா, சித்தி பெரிய டென்ட்டு வாங்கியாச்சு! உள்ள ரெண்டு ரூம்மு இருக்கு. ஒண்ணு எனக்காம்!"

"அப்ப நீ எங்ககூட படுக்க மாட்டியா?"

"நீயும் அப்பாவும் ஜாலியா படுங்க. நான் சித்தி டென்ட்டு."

கையிலிருந்த பாத்திரத்தைத் தொட்டியில் வைத்தேன். வைத்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே கேட்கட்டும் என்றே கத்தினேன்: "இடத்தைக் குடுத்தா மடத்தைப் புடுங்கறாங்கப்பா! பெத்தவ ஒருத்தி இருக்கான்னு யாருக்காவது நெனப்பிருக்கா?" என் வீட்டுக்காரர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அவர் பிழைக்கத் தெரிந்த மனுஷர்.

அந்த ஒரு ராத்திரி என் பிள்ளை என் பக்கத்தில் தூங்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குச் சர்க்கரை வாங்கியதைவிட நல்ல கூடாரமாக, பிள்ளை பார்த்தவுடன் உள்ளே ஓடிவிடுகிற மாதிரி ஒன்று வாங்குவது என்று முடிவு கட்டினேன்.

கடையின் மேல்தளத்தில் பச்சைப் பாய் விரித்து, வரிசையாகக் கூடாரங்களை நிறுத்தியிருந்தார்கள். விற்பனையாள் ஒரு குண்டு மனிதர், கழுத்தில் அளவு நாடாவைப் போட்டிருந்தார். முதல் கூடாரத்துக்குள் நுழைந்து நான் கூரைத் தையலைப் புரட்டிப் பார்த்தேன்.

"தையல் மேல டேப் ஒட்டவே இல்ல. மழை பேஞ்சா ஊசி போன ஓட்டை அத்தனையிலயும் ஒழுகுமே?"

"மேடம் டென்ட்டு கம்பெனியா?"

"பை கம்பெனி. ஓட்டைக்கு என்ன டென்ட்டு, பைன்னு தெரியவா போகுது?"

என் வீட்டுக்காரர் டார்ச் லைட் பார்க்கிற சாக்கில் நழுவிவிட்டார். இரண்டாவது கூடாரத்தின் ஜிப் பாதியில் துணியைக் கடித்தது. அதையும் கழித்தேன். மூன்றாவதுதான் கூடாரம்! அடித்துணி சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு மடங்கி ஏறி, தொட்டி மாதிரி ஒரே துண்டாக இருந்தது. வெளியே தண்ணீர் ஓடினாலும் உள்ளே வராது. மேல்விரிப்பு தரை வரைக்கும் இறங்கியது. கொசு நுழைய முடியாத வலை, மூச்சுக் காற்று வெளியேறக் கூரையில் திறப்பு, வளைத்தால் வளைந்து விட்டால் நிமிரும் கம்பி. தையலைப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆறு பேர் படுக்கலாம் என்றார் குண்டு மனிதர்.

வாலு உள்ளே பாய்ந்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக உருண்டாள். "அம்மா, சூப்பர்மா! சித்தி டென்ட்டவிட பெருசும்மா!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் உள்ளே போய் அவள் பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். அவள் எழுந்து விரலால் தரையில் கோடு போட்டு இடம் பிரித்தாள்.

"இது அப்பாக்கு. இது உனக்கு. இது எனக்கு." கொஞ்சம் நகர்ந்தாள். "இது சித்திக்கு. இது சித்தப்பாக்கு. ஐ, எல்லாருக்கும் எடமிருக்கு!"

"சித்திக்குத்தான் அவங்க டென்ட்டு இருக்கேடி?"

"அத வீட்டுலயே வெச்சிட்டு வரச் சொல்லிடலாம்."

எப்படி இருக்கிறது கதை! தேடித் தேடி வாங்குகிறவள் நான், வந்து குடியேறுகிறவள் அவளா? எழுந்து வெளியே வந்தேன்.

"இதே ரகத்துல சின்னது இருக்கா?"

"நாலு பேருக்கு இருக்கு மேடம்."

"அதவிட சின்னது?"

"மூணு பேர்." குண்டு மனிதர் தயங்கினார். "ஆனா மேடம், மூணு பேர்னு போட்டிருந்தா மூணு பேரும் ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். பைய வெக்கக்கூட எடமிருக்காது. குடும்பத்துக்குன்னா எப்பவும் ரெண்டு ஆள் கூட்டித்தான் எடுக்கணும்."

அவர் சொன்னது நியாயம். எனக்கே தெரியும்.

"நாலாவதா ஒருத்தங்க நடுவுல புகுந்து படுக்க முடியுமா?"

"சான்ஸே இல்ல மேடம்."

"பில் போடுங்க."

"நான் கால் நீட்டணுமேடி?" என்றார் டார்ச் லைட்டோடு வந்து நின்ற என் வீட்டுக்காரர்.

"மடக்கிக்குங்க."

ஏரிக்கரைக்கு நாங்கள்தான் முதலில் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஏற்கெனவே வந்திருந்த குடும்பங்கள் கல்யாண மண்டபம் போலக் கூடாரம் போட்டு, வாசலில் நாற்காலி மேஜை எல்லாம் பரப்பியிருந்தார்கள். எங்களுடையது நடுவில் பொட்டு மாதிரி நின்றது. நிற்கட்டும், ஒழுகாது. சற்று நேரத்தில் கொழுந்தன் காரும் வந்தது. அவர் பின்னாலிருந்து எடுத்தது ஒரு போர்வைச் சுருள் அளவுதான் இருந்தது. விரித்து நிறுத்தினால் என் இடுப்பு உயரம்கூட இல்லை. இரண்டு பேர் தவழ்ந்து போய்ப் படுக்கலாம், அவ்வளவுதான்.

வாலு உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தாள். "சித்தி, என் ரூம்மு எங்க?"

"பெருசு கெடைக்கலடா தங்கம். இதுல எனக்கும் சித்தப்பாவுக்குமே எடம் பத்தாது. நீ அம்மாகூட படுத்துக்கோ. அம்மா டென்ட்டு எவ்ளோ அழகா இருக்கு பாரு."

பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. கொழுந்தனுக்கு ஓட்டை வாய். முளை அடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பெருசத்தான் வாங்கினோம் அண்ணி. அன்னைக்கு நீங்க மேலருந்து கத்தினீங்கல்ல? மறுநாளே இவ கொண்டுபோய் மாத்திட்டு வந்துட்டா. 'வாலுவுக்கு இதுல எடமே இருக்கக் கூடாது, அப்பதான் அவ அக்காகூட தூங்குவா'ன்னா. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அவள் வந்துவிடக் கூடாது என்று நான் சின்னது வாங்கினேன். என் பிள்ளை என்னிடம் வரவேண்டும் என்று அவள் சின்னது வாங்கியிருக்கிறாள். நியாயமாகப் பார்த்தால் எனக்கு மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. எரிச்சல் இரண்டு மடங்கானது. பிடுங்குகிறவளைத் திட்டலாம், விட்டுக்கொடுக்கிறவளை என்னவென்று திட்டுவது? நல்லவளாக இருப்பதிலும் இவளே முந்திக்கொண்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

இருட்டியதும் ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். என் வீட்டுக்காரர் முழங்காலை மடக்கிக்கொண்டு அடுத்த நிமிஷமே குறட்டை விட்டார். நடுவில் வாலு, இந்தப் பக்கம் நான். இதற்குத்தானே இத்தனை பாடு?

வாலுவுக்குத் தூக்கம் வரவில்லை. முதுகில் தட்டினேன். நெளிந்தாள். நரி கதை சொன்னேன். "இது தெரியும்" என்றாள். பாட்டுப் பாடினேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"கண்ண மூடுடி."

"மூடிட்டுத்தான் இருக்கேன். நீ தட்டறது நல்லால்ல."

கொஞ்ச நேரத்தில் அவள் முதுகு குலுங்கியது. சத்தம் வராமல் அழுதாள். சித்தியிடம் போகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே இடமில்லை என்றுதான் சொல்லிவிட்டார்களே. ஆறு வயசுப் பிள்ளைக்கு இரண்டு கூடாரம், இரண்டிலும் தூக்கம் இல்லை.

நான் தவழ்ந்து வெளியே வந்தேன். சர்க்கரை அவள் கூடார வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, எங்கள் கூடாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கிட்டாளாக்கா?"

"இல்ல." அவளிடம் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். "நீ... அவள எப்படித் தூங்க வெப்ப?"

அவள் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"காதப் புடிச்சுக்குவாக்கா. நம்ம காத. கீழ் மடல மடிச்சு மடிச்சு விடுவா. அப்படியே தூங்கிடுவா." இதைச் சொல்லும்போது அவள் குரலில் சர்க்கரை இல்லை. "தோட்டக் கழட்டிட்டுப் படுங்க. குத்திச்சுன்னா முழிச்சுக்குவா."

அவள் காது வெறுமையாக இருந்தது. சாயங்காலமானால் இவள் தோடில்லாமல் திரிவதை, எளிமை வேஷம் போடுகிறாள் என்று எத்தனை பேரிடம் கேலி செய்திருக்கிறேன்! திரும்பினேன்.

உள்ளே வந்து தோட்டைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். வாலுவின் பக்கம் ஒருக்களித்துப் படுத்து, அவள் கையை எடுத்து என் காதில் வைத்தேன். சின்ன விரல்கள் தடவிப் பார்த்தன. மடலை மடித்தன, விட்டன, மறுபடி மடித்தன. தேம்பல் நின்றது. மூச்சு சீரானது. இத்தனை நாள் என் பிள்ளை எப்படித் தூங்குவாள் என்று எனக்குத் தெரியாது.

விரல்கள் தளரும்போது, கண்ணைத் திறக்காமலே, "சித்தி" என்றாள்.

"ம்" என்றேன்.