சீழுக்குள் வலை

1997 ஆடி மாதம். மரிய ஜெரால்டும் கோட்டைச்சாமியும் காரைக்குடி–சிங்கம்புணரி தடத்தில் ஓடும் இரண்டு தனியார் பஸ்களின் கண்டக்டர்கள். அன்று ஜெரால்டின் வண்டி மூன்று நிமிடம் முன்னதாகவே கிளம்பி, கோட்டைச்சாமியின் வண்டிக்காக வழியெல்லாம் நின்ற கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டது. சிங்கம்புணரி ஸ்டாண்டில் கோட்டைச்சாமி அவன் சட்டையைப் பிடித்துப் படிக்கட்டிலிருந்து இழுத்துப் போட்டான்.

“எங்க டயத்துல ஆள் ஏத்துவியாடா?”

ஜெரால்டு தோல்பையைச் சுழற்றி அவன் முகத்தில் அடித்தான். மூக்குத்தண்டு உடைந்தது. கோட்டைச்சாமி ரத்தத்தைத் துப்பிவிட்டு டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். தலைக்கு வந்த அரிவாளை ஜெரால்டு இடது கையால் மறித்தான். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து எலும்பு தெரிந்தது. யாரோ கிரீஸ் துணியால் சுற்றிக் கட்டினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸாகிவிடும் என்று ஜெரால்டு ஒரு கம்பவுண்டரிடம் தையல் போட்டுக்கொண்டான். மனைவி ஆரோக்கிய ஷீலாவிடம், பஸ் தகரம் கிழித்துவிட்டது என்றான்.

ஐந்தாம் நாள் கை வாழைத்தண்டாக வீங்கிவிட்டது. சிவப்பு அக்குளை நோக்கி ஏறியது. காய்ச்சலில் பிதற்றினான். ஷீலா, தான் லேப் டெக்னீஷியனாக வேலை பார்க்கும் காரைக்குடி ஆஸ்பத்திரிக்கே ஆட்டோவில் தூக்கிவந்தாள்.

சர்ஜன் தேனம்மை ஊசியால் சீழை உறிஞ்சி அவளிடம் நீட்டினார்.

“சதை அழுகிப் பரவுதுன்னா கைய எடுத்துத்தான் ஆகணும், ஷீலா. வெள்ளை அணு வந்து எதிர்த்து நின்னா கை தப்பும்; இருக்கான்னு பாரு. உன்னால முடியுமா?”

“நானே பாக்குறேன் டாக்டர்.”

சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். வெள்ளை அணுக்கள் குவிந்து கிடந்தன. பல வெடித்திருந்தன. வெடித்தவற்றிலிருந்து நூல் நூலாக ஏதோ வெளியேறி, ஒன்றின்மேல் ஒன்று பின்னிக் கிடந்தது. கிருமிகள் கொத்துக் கொத்தாக அந்த நூல்களில் ஒட்டியிருந்தன. ஸ்லைடைக் கெடுத்துவிட்டோம் என்று நினைத்து இன்னொன்று போட்டாள். அதிலும் அதே வலை. டாக்டரைக் கூப்பிட்டாள்.

“அழுத்தித் தேச்சா செல் உடைஞ்சு இப்படி இழுபடும்,” என்றார் தேனம்மை.

“ரெண்டாவத நான் அழுத்தவே இல்ல டாக்டர். உள்ளேயே வெடிச்சிருக்கு. சாகையிலயும் கிருமியப் பிடிச்சுக்கிட்டே செத்திருக்கு.”

தேனம்மை மைக்ராஸ்கோப்பில் குனிந்து இரண்டாவது ஸ்லைடையும் பார்த்தார்.

“நான் படிச்ச புத்தகத்துல இது இல்ல. என்னன்னு தெரியல. ஆனா இத்தனை அணு வந்து மோதியிருக்கு. சீழும் கெட்டியா இருக்கு. ஒரே இடத்துல கட்டி நிக்குதுன்னு நெனைக்கிறேன். கிழிச்சு விடுவோம். கைய எடுக்க வேணாம்.”

மயக்க டாக்டர் மதுரையிலிருந்து வர வேண்டும். அதுவரை காத்திருக்க முடியாது. மரத்துப்போகப் போட்ட ஊசி அந்தச் சீழில் பாதிகூட வேலை செய்யவில்லை. இரண்டு நர்ஸுகள் காலை அமுக்க, ஷீலா தோளை அமுக்கினாள். கத்தி இறங்கியதும் சீழ் பீச்சியடித்து டாக்டரின் கண்ணாடியில் தெறித்தது. அவர் விரலை உள்ளே விட்டு, சதைக்குள் கட்டியிருந்த பைகளைக் கிழித்தார். ஜெரால்டு ஊளையிட்டான். தலையைத் திருப்பி ஷீலாவின் மணிக்கட்டைக் கடித்தான். பல் இறங்கி ரத்தம் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. கை தப்பியது; இரண்டு விரல்கள் மட்டும் அப்புறம் மடங்கவே இல்லை.

தகவல் போய் வாக்குமூலம் வாங்கப் போலீஸ் வந்தபோதுதான் ஷீலாவுக்கு அரிவாள் விஷயம் தெரிந்தது. அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தாள்.

“தகரம்னு சொன்னீகளே?”

ஜெரால்டு கட்டுப் போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே கழுவித் தச்சிருப்போம். யாருக்குப் பயந்தீக? போலீசுக்கா?”

“உனக்குத்தான்,” என்றான்.

ஷீலா கஞ்சி டம்ளரை அவன் நல்ல கையில் கொடுத்துவிட்டு லேபுக்குப் போனாள்.