ரூய்பாங்க் மன்றத்துச் சுவர்

ஜபிலே மசிலேலாவின் ஓவியங்களை ப்ரிட்டோரியாவில் பலருக்குத் தெரியும். ஆளைவிடப் பெரிய துணியில் கறுப்புக் கோடுகளை இழுத்து, நடுவே மஞ்சளும் நீலமும் பச்சையுமாக நிரப்புவாள். அந்தக் கட்டங்களுக்குள் எங்காவது அவள் முகமே இருக்கும். மழித்த தலை, ஜீன்ஸ், கழுத்தில் மட்டும் பித்தளை வளையங்கள். சுவரில் வண்ணச் சித்திரம் போடுவதற்குப் பேர்போன என்டெபெலே இனத்து அம்மாவுக்குப் பிறந்து, நகரத்தில் அத்தை வீட்டில் வளர்ந்து, தாய்மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசுகிற ஒருத்தி தன்னை என்டெபெலே என்று சொல்லிக்கொள்ள முடியுமா? பதினைந்து வருஷமாக அவள் வரைந்ததெல்லாம் இந்த ஒரு கேள்விதான்.

அதற்கு அவளிடம் இருந்த ஒரே ஆதாரம் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். ரூய்பாங்க் ஊர் மன்றத்தின் உட்சுவர். முன்னால், அதில் சித்திரம் போட்ட அவள் அம்மா ரோஸ்லினா, இருபத்துநாலு வயசு, கையில் தூரிகையோடு சிரிக்கிறாள். முதுகில் கம்பளிக்குள் எட்டு மாதக் குழந்தை. அந்தக் குழந்தைதான் ஜபிலே.

"அந்தச் சுவர்ல சித்திரம் போட்டப்ப நான் அங்கே இருந்தேன்," என்று பேட்டிகளில் சொல்வாள்.

அடுத்த கண்காட்சிக்கு அந்தச் சுவரையே முழு அளவில் வரைந்து நிறுத்துவதாக ஏற்பாடு. சிக்கல் ஒன்றுதான்: படத்தில் நிறமில்லை. மன்றத்துச் சுவருக்கும் எப்போதோ மேலே வெள்ளையடித்துவிட்டார்கள்.

"எனக்கு ஞாபகம் இல்ல, ஜபி," என்றாள் ரோஸ்லினா. மூன்று முறை கேட்டும் அதே பதில். தன் வீட்டுச் சுவரில் எந்த வருஷம் எந்தக் கோட்டைப் போட்டோம் என்று தேதியோடு சொல்கிறவள்.

சரி, ஊரில் கேட்போம் என்று ஜபிலே படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஓய்வூதிய நாள். மன்ற வாசலில் கிழவிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாடி நகரத்து மருமகளே! தலையில பேன் பிடிச்சுதா, ஒரேயடியா வழிச்சிட்ட?"

"மருமக இல்ல, மக," என்றாள் ஜபிலே.

"பேச்சைக் கேட்டா மருமக மாதிரியும் இல்ல. வெள்ளைக்காரன் வீட்டுக் கிளி மாதிரி இருக்கு."

சிரித்து ஓய்ந்த பிறகு படத்தைக் காட்டினாள். வரிசையே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. ஒரு கிழவி மட்டும் கடைப்பக்கம் தாடையை நீட்டி, "யோனாஸைக் கேளு. அவனுக்குத் தெரியும்," என்றாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் கிள்ளியதை ஜபிலே பார்த்தாள். ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேன்கள் நிற்கிற கடை ஓரத்தில், தார்ப்பாய்க்குக் கீழே செருப்புத் தைக்கிறவர் யோனாஸ் ஸ்கோசானா. அறுபதை நெருங்கியவர். வாயில் வைத்திருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"மன்றத்துச் சுவரா? எல்லா நிறமும் தெரியும் தாயி. மேல நீலம். நடுவுல வீடு மாதிரி ஒண்ணு, மஞ்சள். கீழ, தரையை ஒட்டி, சிவப்பு முக்கோணம். பதினேழு."

ஜபிலேவுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. "எண்ணியே வெச்சிருக்கீங்களா, ஐயா?"

"எண்ண வேண்டியிருந்துச்சு."

அவர் ஒரு செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெள்ளைக்கார அரசாங்கம் சொன்னபடி நம்ம பகுதியைத் தனி நாடாக்கப் போறோம்னு தலைவருங்க கிளம்பின வருஷம். வேணாம்னு சொன்ன வீட்டுப் பசங்களை லாரியில அள்ளிட்டு வந்தாங்க. அள்ளினவனும் நம்ம ஆளுதான், அடிச்சவனும் நம்ம ஆளுதான். சட்டையைக் கழட்டி, அந்த மன்றத்துத் தரையில குப்புறப் படுக்க வெச்சாங்க. மூஞ்சி சுவர்ப் பக்கம். ஒரு ராத்திரி, ஒரு பகல். எனக்குப் பத்தொம்பது வயசு. பக்கத்துல என் தம்பி எலியாஸ், பதினாறு. சாட்டை விழும்போது முக்கோணத்தை எண்ணுவேன். பதினேழு முடிஞ்சா மறுபடி ஒண்ணுலேருந்து."

ஜபிலே கையிலிருந்த படத்தை மடியில் கவிழ்த்தாள்.

"எலியாஸ் வெளிய வரல," என்றார். "குடு, பாப்போம்."

படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது அந்தச் சுவர் இல்ல."

"அதே சுவர்தான் ஐயா. எங்க அம்மா போட்டது."

"மேல எல்லாம் அதேதான். கீழ பாரு. முக்கோணம் எங்க? சவர பிளேடு வடிவம் இருக்கு. இது அதுக்கப்புறம் பூசினது." விரலை எடுத்தார். "தரையை ஒட்டின பக்கம் மட்டும் புதுசா பூசியிருக்காங்க. ஏன் பூசினாங்கன்னு நான் சொல்லணுமா?"

வீட்டுக்கு வந்தபோது ரோஸ்லினா பின்கட்டில் சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். ஜபிலே படத்தை அடுப்புப் பக்கத்தில் வைத்தாள்.

"கீழ்ப்பக்கத்தை நீ ரெண்டாவது தடவை பூசினியா?"

துடுப்பு நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

"யோனாஸ் சொன்னானா?"

"நீ சொல்லு."

"ஆள் வந்தாங்க. சுவர் கெட்டுப்போச்சு, பெரிய அதிகாரிங்க வராங்க, பூசுன்னாங்க. போனேன்."

"என்ன கெட்டுப்போயிருந்துதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்குக் கண்ணு இல்லையா? முதல்ல தண்ணி வெச்சுத் தேச்சேன். போகல. சாணியும் மண்ணும் குழைச்சுப் பூசி, காய வெச்சு, மேல போட்டேன். நீ முதுகுல தூங்கிட்டிருந்த. போட்டோ புடிச்சவன் சிரின்னான். சிரிச்சேன். ஒரு மூட்டை மாவு குடுத்தாங்க. அந்த மாவைத்தான் ரெண்டு மாசம் உனக்குக் காய்ச்சி ஊத்தினேன்."

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே அம்மா!"

"சொல்லியிருக்கலாம்," என்றாள் ரோஸ்லினா. "அடுத்த லாரியில உங்கப்பாவை ஏத்தியிருப்பாங்க."

"இத்தனை வருஷமா நான் அந்தப் படத்தை வெச்சு... ஊரெல்லாம் காட்டி... நீ ஒரு வார்த்தை சொல்லலியே!"

"ஞாபகம் இல்லைன்னு சொன்னேன்ல? அதோட நீ விட்டிருக்கணும்."

கண்காட்சியை நடத்துகிற டினேயோவிடம் ஜபிலே போனில் எல்லாவற்றையும் சொன்னாள். "ஜபி, இதைத்தான் நீ வரையணும். இது இன்னும் பெரிய விஷயம். அவரு குரலையும் பதிவு பண்ணிட்டு வா," என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அதனால்தான் ஜபிலே சட்டென்று போனை வைத்தாள். இதை வரையலாம் என்ற எண்ணம் யோனாஸின் தார்ப்பாய்க்குக் கீழேயே, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, தனக்கும் வந்து போயிருந்தது. எலியாஸ் என்று அவர் சொன்ன கணத்தில் ஒரு பக்கம் கை படத்தைக் கவிழ்த்தது, இன்னொரு பக்கம் சிவப்பு எவ்வளவு அடர்த்தியாக இருக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது.

மறுநாள் ரோஸ்லினா யாரும் சொல்லாமலே குளித்து, கோடு போட்ட கம்பளியைப் போர்த்திக்கொண்டு புறப்பட்டாள். "எங்க?" என்று ஜபிலே கேட்டதற்கு, "நீ திறந்து விட்ட கதவுக்குத்தான்," என்றாள்.

யோனாஸ் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். தண்ணீர் கொடுத்தார். மழை இல்லாததைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். ஆடுகளின் விலையைப் பற்றி. அந்தப் பேச்சும் தீர்ந்தது.

"மன்னிச்சுக்கோ ஸ்கோசானான்னு கேக்க வந்தேன்," என்றாள் ரோஸ்லினா. "கேக்குற தகுதி எனக்கு இல்ல. வயசாகுது, கேக்காம சாகப் பயமா இருக்கு."

"ஒண்ணு கேக்கணும்," என்றார் யோனாஸ். "தேச்சப்ப கை அடையாளம் ஏதாச்சும் இருந்துச்சா?"

ரோஸ்லினா ஜபிலேவைப் பார்த்தாள். அம்மா முகத்தில் அப்படி ஒரு பயத்தை ஜபிலே பார்த்ததே இல்லை.

"இருந்துச்சு."

"எவ்வளவு உயரத்துல?"

நாற்காலியிலிருந்து குனிந்து, தரைக்கு மேலே முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை நிறுத்திக் காட்டினாள். "மேலேருந்து கீழ இழுத்த மாதிரி. சின்னக் கை."

யோனாஸ் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எலியாஸ் எந்திரிக்கப் பாத்திருக்கான்," என்றார். "எனக்கு மயக்கம் போட்டுடுச்சு. அடிச்ச உடனே போயிட்டான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னுதான் இவ்வளவு நாள் நினைச்சிட்டிருந்தேன். எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். அதை நம்பித்தான் அவ செத்தா."

ரோஸ்லினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கிளம்புங்க," என்றார். குரலில் கோபமில்லை. "இனிமே வராதீங்க. நீயும்தான் தாயி. செருப்பு அறுந்தா பக்கத்து ஊர் சியாபுஸ்வாவுல வேற ஆள் இருக்கான்."

மன்னிப்புக் கேட்கப் போய், அந்த மனுஷனிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

ஜபிலே அந்தச் சுவரை வரையவில்லை. குரலைப் பதிவு செய்யவும் இல்லை. குறித்த தேதியில் அவளுடைய பழைய ஓவியங்களை மாட்டிக் கண்காட்சியைத் திறந்தார்கள். கூட்டம் வந்தது. என்ன அழகான நிறங்கள் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். அவள் ஒரே ஒரு முறை, ஆளில்லாத பகலில் போய்ப் பார்த்தாள். பதினைந்து வருஷத்து ஓவியங்கள். எல்லாவற்றிலும் கீழே, தரையை ஒட்டி, பிளேடு வடிவ வரிசை. அம்மாவின் கையிலிருந்து தனக்கு வந்த சொத்து என்று நினைத்து, ஒன்றில்கூட விடாமல் போட்டிருந்தாள்.

ஊரில் ரோஸ்லினா யாரிடமும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். ஜபிலே போன் செய்தால் எடுப்பாள். சாப்பிட்டியா என்பாள், சாப்பிட்டேன் என்பாள் இவள். அதற்குமேல் இருவருக்கும் எதுவும் கிடைக்காது. கோடையில் ஒரு நாள் மட்டும், போனை வைக்கப்போகிற நேரத்தில், "நீ வரையறியா இப்ப?" என்று ரோஸ்லினா கேட்டாள்.

"இல்லம்மா."

"ம்," என்றாள் அவள். பிறகு போனை வைத்துவிட்டாள்.