வெட்டுப்படாத பதினாறு பக்கங்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையதல்ல. (என்னுடையதும் ஒன்று இருக்கிறது, பிறகு அதற்கு வருவோம்.) ஒரு மாத இதழில் ‘இந்த மாதம் படிக்க வேண்டிய ஐந்து புதிய புத்தகங்கள்’ என்று இருபத்திரண்டு வருடமாக எழுதிவருகிறவருடையது. நண்பர்கள் அவரைப் பரிந்துரையார் என்பார்கள். முதல் பத்துப் பக்கம், கடைசிப் பத்துப் பக்கம், பின்னட்டை. அவருடைய வாசிப்பு அவ்வளவுதான். மீதியை ‘ஒரே மூச்சில் படித்தேன்’ என்ற வரி பார்த்துக்கொள்ளும்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: மாலை வெயில் புத்தக அடுக்கின் மேல் சோம்பலாக…

வேண்டாம். அவர் அறையில் ஜன்னலையே புத்தகங்கள் அடைத்துவிட்டன. வெயில் எங்கிருந்து வரும்?

2

இந்த மாதத்தின் ஐந்தாவது புத்தகம் அவருடைய சொந்த அக்கா எழுதியது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பின், ஆறு வருடம் உட்கார்ந்து எழுதிய முதல் நாவல். [அக்காவை முதலில் சாதுவாகத்தான் எழுதினேன். முறுக்கிக்கொண்டு பேசவே மாட்டேன் என்றுவிட்டார். மாற்றிவிட்டேன்.]

கட்டுரை மாலை ஐந்து மணிக்குள் இதழுக்குப் போக வேண்டும். மூன்று மணிக்கு அக்கா வந்தார். மேசையில் கிடந்த கட்டுரையை எடுத்துப் படித்தார்.

“ஒரே மூச்சில படிச்சியாடா?”

“ஆமாக்கா. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

அக்கா பக்கத்திலிருந்த தன் நாவலை நடுவில் பிரித்தார். பிரியவில்லை. அச்சகத்தில் விளிம்பு வெட்டும்போது ஒரு மடிப்பு தப்பிவிட்டது. தொண்ணூற்றேழாம் பக்கத்திலிருந்து நூற்றுப் பன்னிரண்டு வரை தாள்கள் மேல்விளிம்பில் சேர்ந்தே கிடந்தன.

“இத எப்படிடா படிச்ச? எக்ஸ்ரே எடுத்தியா?”

பரிந்துரையார் அச்சகத்தைத் திட்ட வாயெடுத்தார். அக்கா விடவில்லை.

“ஊருக்கு நீ என்ன வேணா சொல்லிக்கோ. எனக்கு முழுசாப் படிச்சவங்க ஒருத்தர் போதும். அது நீயா இருக்கும்னு நெனச்சேன்.”

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

4

(மூன்றைத் தாண்டிவிட்டேன். என் பொய் இதுதான்: அந்தப் பக்கங்களை நானும் படிக்கவில்லை. படிக்காமலே உங்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறேன்.)

ஒரு முடிவு: கட்டுரையை அப்படியே அனுப்பிவிடுகிறார், அக்கா அதற்கப்புறம் அவரிடம் பேசுவதேயில்லை. இன்னொரு முடிவு: ஓடிப்போய் அக்காவின் காலில் விழுந்து… சீ, சகிக்கவில்லை.

நான் இப்படித் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து போய்ச் சமையலறைக் கத்தியை எடுத்து வந்துவிட்டார்.

3

கண் அறுவை சிகிச்சை முடிந்து, கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் தம்பிக்கு அக்கா புத்தகம் படித்துக் காட்டுகிறாள். கடைசிப் பக்கத்தை மட்டும் படி என்று தம்பி நச்சரிக்கிறான். அவள் மசியவில்லை. ஒரு வரி விடாமல், தொண்டை கட்டும்வரை படிக்கிறாள். பதினாறு பக்கமும் இதுதான்.

சின்ன வயதில் தனக்கே நடந்த இது பரிந்துரையாருக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. இப்போது நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்தது. (பொய்யை உண்மையாக்க ஒரு கத்தி தேவைப்பட்டது என்று எழுதினேன். பின்னட்டை வாசகம் மாதிரி இருந்ததால் அடித்துவிட்டேன்.)

ஐந்து மணிக்கு இதழிலிருந்து போன் வந்தது. “சார், கட்டுரை எங்க?”

‘ஒரே மூச்சில்’ வரியை அடித்துவிட்டு அவர் அனுப்பிய வரி இது: ‘ஐந்தாவது புத்தகம் என் அக்கா எழுதியது. இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.’

இதைப் பார்த்து அக்கா போன் செய்தாரா, இல்லையா? நான் எழுதப்போவதில்லை, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். நடுவைத் தாண்டி நேராக இங்கே வந்தவர்கள் மட்டும் தயவுசெய்து கை வைக்க வேண்டாம். அக்காவுக்குத் தெரிந்துவிடும்.